கை எட்டாத இடம்

போன வாரம் ஒரு மத்தியானம் சாந்தி போன் செய்தாள். ஆரணியில் நான் வேலை பார்த்த பட்டுச் சேலைக் கடையில் இப்போது என் இடத்தில் நிற்பவள் அவள். சாப்பிட்டாச்சா, பேத்தி எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க ஒரு மாத்திர போட்டுகினு இருந்தீங்களாமே, அது பேரு இன்னாக்கா? தோள்பட்ட புடிச்சிகினு உயிர் போவுது."

நான் பேரைச் சொல்லவில்லை. அந்த மாத்திரை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்ல ஆரம்பித்தேன். நாலு வார்த்தை பேசியிருப்பேன். "கஸ்டமர் வந்துட்டாங்கக்கா, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிடவில்லை. மெடிக்கலில் கேட்டால் அவர்களே கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

அவள் கேட்க நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று வரும் என நினைத்துப் படிக்க வேண்டாம். எனக்கு வலி போகவில்லை.

என் பெயர் தேவகி. ஐம்பதை நெருங்குகிறேன். வீடு முள்ளிப்பட்டில். வீட்டுக்காரர் சேகர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் பவித்ராவைத் தெள்ளாரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கடையில் எனக்கு முதலில் சேலை மடித்து வைக்கிற வேலைதான். பிறகு கடைக்கு வந்து வாங்குகிறவர்களைவிடப் போனில் பார்த்து வாங்குகிறவர்கள் அதிகமானார்கள். முதலாளி போனை மாட்ட ஒரு ஸ்டாண்டும் வட்ட விளக்கும் வாங்கி வைத்து, என்னை அதன் முன்னால் நிறுத்தினார். சேலையை இடது தோளில் போட்டு, முந்தானையை முழங்கையில் ஏந்தி, கையை நீட்டிப் பிடித்தபடி நான் பேச வேண்டும். எங்கெங்கிருந்தோ பெண்கள் எழுத்தில் கேட்பார்கள். பார்டரைக் கிட்டக் காட்டுங்க, உடம்புல புட்டா பூ இருக்கா, அதே டிசைன்ல பச்சை இருக்கா. முகூர்த்த மாதங்களில் காலையில் ஏற்றிய கையை இறக்க நேரமிருக்காது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முகம் தெரியாத பெண்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டதும் பிடித்திருந்தது.

ஆரம்பத்தில் அது வலி என்றே தோன்றவில்லை. இடது தோள்பட்டை எலும்பின் உள்பக்க ஓரத்தில், யாரோ கட்டைவிரலை ஊன்றி எடுக்காமல் வைத்திருப்பது போல ஒரு கனம். தூங்கி எழுந்தால் போய்விடும். சில மாதங்களில் தூங்கி எழுந்தாலும் போகவில்லை. பிறகு கழுத்துக்கு ஏறியது. காதுக்குப் பின்னால் ஒரு கோடு போல இழுத்தது. கை வழியாக இறங்கிச் சுண்டுவிரல் வரை மரத்தது. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் நின்றுவிடும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். வேலூருக்குப் போய் ஸ்கேனும் எடுத்தோம். குகை மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, டமடமவென்று சத்தம் போட்டுக்கொண்டே எடுப்பார்கள். அசையக் கூடாது என்றார்கள். அசையாமல் படுத்திருப்பதுதான் எனக்கு இருப்பதிலேயே பெரிய வலி என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? ரிப்போர்ட் வாங்கிப் பார்த்த டாக்டர், "எல்லாம் நார்மல்மா, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார். என் வீட்டுக்காரர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். வழியில் கடையில் நிறுத்தி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நான் அழுதேன். ஏதாவது ஒரு எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

நார்மல் என்ற அந்தச் சொல் எனக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லியாமே, அப்பறம் இன்னாம்மா?" என்று முதலாளி கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல்கூடப் போட்டுக் கொடுத்தவர்தான். சொந்தக்காரர்கள் இந்த வயசில் பெண்களுக்கு வருவதுதான் என்றார்கள். மனசில் ஏதோ கவலை இருக்கும் என்றும் சொன்னார்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை மட்டும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. போட்டால் அரைமணியில் அந்தக் கட்டைவிரல் விலகும். முதலில் முகூர்த்த நாட்களில் மட்டும் போட்டேன். பிறகு கடைக்குக் கிளம்பும் முன் தினமும். பிறகு மத்தியானமும். நாஸ்தா சாப்பிட நேரமில்லாவிட்டால் வெறும் வயிற்றில். வயிறு எரிந்தது, அதற்கு ஒரு ஜெல் வாங்கிக் குடித்தேன். கால் வீங்கியது, நின்றுகொண்டே இருப்பதால் என்று நினைத்தேன். மெடிக்கலில் என்னைப் பார்த்ததுமே அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஆவணி மாதம் ஒரு நாள் கடையில் லைவ் போய்க்கொண்டிருந்தது. மாம்பழக் கலர் சேலை, அரக்கு பார்டர், தோளில் கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே குமட்டிக்கொண்டு வந்தது. வாந்தி வருகிறது என்று தெரிந்தது. சேலையில் பட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் நினைப்பு. அதை உருவிப் பக்கத்திலிருந்தவள்மேல் எறிந்துவிட்டுக் குனிந்தேன். கடையில் விரித்திருந்த வெள்ளை மெத்தையில் கறுப்பாக விழுந்தது. காபி டிகாஷனைக் கொட்டியது போல இருந்தது. அது ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. வயிற்றில் தங்கிப் பழசான ரத்தம் அந்த நிறத்தில்தான் வரும் என்று பிறகு சொன்னார்கள். போன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு என்ன ஆச்சு என்று திரையில் வரிசையாக எழுத்துகள் ஏறிக்கொண்டே இருந்ததைப் பார்த்தபடி மயங்கினேன்.

பக்கத்து மருத்துவமனையில் ஊசி போட்டு, உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வீட்டுக்காரர் வழியெல்லாம், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்து எல்லாரும் சொன்னதையே அவரும் சொல்வது போல எனக்குக் கேட்டது.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. பவித்ரா அப்போது ஐந்து மாத கர்ப்பம், அவளை அழைக்க முடியாது. யார் வந்து என்னுடன் இருப்பது என்ற கேள்வி வந்தது. மறுநாள் காலை கண் விழித்தபோது கட்டிலருகே ஒரு கூடையும் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு விமலா உட்கார்ந்திருந்தாள்.

விமலா என் ஓரகத்தி, என் கொழுந்தன் குமாரின் மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு அந்தப் பாதியில் அவர்களும் இந்தப் பாதியில் நாங்களும் இருக்கிறோம். பிரித்தபோது தண்ணீர் மோட்டார் அவர்கள் பக்கம் போனதில் ஆரம்பித்த சண்டை. ஏழெட்டு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது. அவர்கள் பக்கத்துத் தறிச் சத்தம் நாளெல்லாம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். அவள் குரல் கேட்காது.

வந்த அன்று பகலெல்லாம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பெட்பேன் வைத்தாள், எடுத்தாள், வாயைத் துடைத்தாள். எல்லாம் தறியில் வேலை செய்கிற மாதிரி கவனமாக, முகத்தைப் பார்க்காமல். அன்று சாயங்காலம்தான் முதல் முறையாகப் பேசினாள்.

"பக்கத்துப் பெட்டு தேசூர் அம்மா கேக்கறாங்க, நீ இவங்களுக்கு இன்னா வேணும்னு. கூடப் பொறந்த அக்கான்னு சொல்லிட்டேன். வேற மாதிரி ஏதாச்சும் சொல்லி வெச்சிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது.

எண்டோஸ்கோபி செய்தார்கள். வாய் வழியாக முனையில் கேமரா வைத்த ஒரு குழாயை இரைப்பை வரை விட்டுப் பார்க்கிற பரிசோதனை. தொண்டையில் கசப்பான மருந்தை அடித்து மரக்க வைத்து, இடதுபக்கமாகப் படுக்கச் சொன்னார்கள். குழாய் இறங்கியபோது குமட்டியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் அதைவிட என் உடம்பின் பாரம் முழுவதும் அந்த இடது தோளில் இறங்கியதுதான் தாங்கவில்லை. இரைப்பையின் உள்தோலில் ஆழமாகப் புண் இருப்பதாகச் சொன்னார்கள். குழாய் வழியாகவே அதை அடைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். அடுத்து ஒரு டாக்டர் வந்து கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்றார். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்திலேயே எவ்வளவு தங்கிவிடுகிறது என்று காட்டுகிற அளவு அது. வயிற்றுப் புண்ணும் சரி, சிறுநீரகமும் சரி, இரண்டும் அந்த மாத்திரையின் வேலை.

"இந்த மாதிரி வலி மாத்திரை இனிமே ஆயுசுக்கும் தொடக் கூடாதும்மா. ஒண்ணே ஒண்ணுகூட."

"அப்ப வலிக்கு இன்னா பண்றது சார்?"

அவர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். "அதுக்கு வேற டாக்டர் வந்து பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாத்திரை நின்ற பிறகுதான் வலியின் நிஜ உருவம் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக அது எங்கேயும் போகவில்லை, உள்ளேயே வளர்ந்திருக்கிறது. படுத்தால் முதுகில் கல். உட்கார்ந்தால் கழுத்தைத் தாங்க முடியாது. கொடுக்கக்கூடிய சாதாரண மாத்திரையைக் கொடுத்தார்கள், அது எட்டவில்லை. பகலில் வார்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள். டீ வண்டி வரும், தரை துடைப்பார்கள், யாராவது சண்டை போடுவார்கள். அதையெல்லாம் பார்த்தபடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். ஒரு கட்டத்தில் விமலாவிடம், "கீழ மெடிக்கல் இருக்குது, ஒண்ணே ஒண்ணு வாங்கியா" என்று கெஞ்சினேன். அவள் என்னை முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"வாங்கியாந்து குடுத்துட்டு, நாளைக்கு ஊருக்குப் போயி நான் இன்னான்னு சொல்றது?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் எனக்காக அழுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வலிக்கென்று இருந்த டாக்டர் ஒரு இளம்பெண். ஸ்கேனைப் பார்க்கவில்லை. என்னை உட்கார வைத்து, பின்னால் நின்று முதுகில் விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். நான் இடத்தைக் காட்டவில்லை. விரல் தானாக அந்த இடத்தில் போய் நின்றது. அழுத்தினார். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். சுண்டுவிரல் வரை ஓடியது. இத்தனை நாளில் அந்த இடத்தைக் கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான். கத்தின வாயோடு கும்பிட்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். சாத்துக்குடிச் சுளையை வெள்ளையாக ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறதல்லவா, அது போல நம் உடம்பில் ஒவ்வொரு தசையையும் ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. தலை முதல் கால் வரை ஒன்றோடு ஒன்று தொடர்ந்து போகிற சவ்வு. ஒரே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டே இருந்தால் தசையில் சில இழைகள் சுருங்கி, விரியாமல் முடிச்சாகிவிடும். போர்த்திய சவ்வும் இறுகிக்கொள்ளும். முடிச்சு இருக்கிற இடம் ஒன்று, வலி போய் நிற்கிற இடம் இன்னொன்றாக இருக்கும். இதற்கு மயோஃபேஷியல் வலி என்று பெயர். எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

"அப்ப இது நெஜந்தானே டாக்டர்?" என்று கேட்டது விமலா.

"நூத்துக்கு நூறு நெஜம்" என்றார் அவர்.

பிசியோதெரபிக்கு ஒரு பெண் வந்து கற்றுக்கொடுத்தாள். சாதாரண டென்னிஸ் பந்து. அதைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்து, முடிச்சு இருக்கிற இடத்தில் சாய்ந்து நிற்க வேண்டும். எலும்பின்மேல் வைக்கக் கூடாது. வலி தாங்குகிற அளவுக்கு மட்டும் அழுத்தி, மூச்சை அடக்காமல் இழுத்து விட்டுக்கொண்டு, இறுக்கம் கொஞ்சம் இளகுகிற வரை நிற்க வேண்டும். பிறகு வெந்நீர் ஒத்தடம், அதன்பின் கழுத்தையும் தோளையும் மெல்ல நீட்டுகிற பயிற்சி. "ஆஸ்பத்திரில நாங்க செய்யறது கொஞ்சந்தான்மா. வீட்டுல தெனமும் நீங்களே செஞ்சிக்கறதுதான் வைத்தியம்" என்றாள்.

கழுத்து, தோளின் மேல்பகுதி எல்லாம் என் கைக்கு எட்டியது. கீழ்முதுகுக்குப் பந்து போதும். ஆனால் எல்லாவற்றுக்கும் மூலமான முடிச்சு எலும்பின் ஓரத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. பந்து அங்கே நிற்காமல் வழுக்கியது. கை எட்டவில்லை.

"வீட்டுல யாராச்சும் அழுத்தி விடுவாங்களா?"

விமலா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள். "எனுக்குக் காட்டுங்க மேடம்."

காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவு தப்பியது. வீட்டுக்குத் திரும்பியபோது கடையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். உடம்பு தேறியதும் வா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் தறியை விட்டு இறங்கியதும் விமலா எங்கள் பக்கம் வருவாள். வாணலியில் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து முதலில் ஒத்தடம் கொடுப்பாள். பிறகு என்னைக் குப்புறப் படுக்க வைத்து, தேங்காய் எண்ணெயில் விரலைத் தொட்டு, எலும்பின் ஓரமாகத் தடவிக்கொண்டே வந்து அந்த முடிச்சைப் பிடிப்பாள். "மூச்ச அடக்காதக்கா, வுடு, வுடு" என்பாள். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு விடுவேன். முடிச்சு இளகுகிறபோது உள்ளே ஏதோ துடித்து அடங்கும். அவளுக்கும் விரலில் தெரியும். "ஆங், போச்சி" என்பாள். அந்தக் கொஞ்ச நேரம், அடுப்பில் உலை கொதித்து நான் எழுந்து போகிற வரை, உடம்பே இல்லாதது போல இருக்கும்.

அவள் கைவைத்துக்கொண்டே பேசுவாள். தம்பி என்று அவள் கூப்பிடுகிற மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது, தறியில் பாவு நூல் சிக்கலானது, தெருவில் யாருக்குக் கல்யாணம் என்று. குப்புறக் கிடந்து கேட்பேன். பேசாமலிருந்த வருஷங்களைப் பற்றிய பேச்சை நாங்கள் இருவரும் எடுக்கவே இல்லை.

எனக்கு ஒரே ஒரு கணக்குதான் இருந்தது. பவித்ராவுக்குத் தலைப் பிரசவம், நம் வீட்டில்தான் நடக்க வேண்டும். குழந்தையைத் தூக்க, குளிப்பாட்ட, தோளில் போட்டுத் தட்ட என் கை வேண்டும். அதற்குள் கையைச் சரிசெய்துவிட வேண்டும் என்று வெறியாகச் செய்தேன். காலையில் பந்து, மத்தியானம் பந்து. பந்து கீழே விழாமல் இருக்க அதைப் பழைய சாக்ஸுக்குள் போட்டுத் தோளுக்கு மேலாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்வேன். வளைகாப்புக்கு முந்தின வாரம் இடது கையையும் தூக்கி என் தலையை நானே பின்னிக்கொண்டேன். அதைக் காட்ட அந்தப் பக்கத்துக்கு ஓடினேன். விமலா தறியிலிருந்தே பார்த்துவிட்டு, "கோணலா இருக்குது, ஆனா ஜடதான்" என்றாள்.

பவித்ராவின் மாமியார் போனில் கேட்டார்கள். "சம்மந்தி, உங்க ஒடம்புக்கு முடியுங்களா? இல்லன்னா நாங்களே பாத்துக்கறோம், தப்பா நெனச்சிக்காதீங்க." முடியும் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்தோம். முதல் நாட்களில் பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, யாராவது குழந்தையை அதன்மேல் வைத்தால் வைத்துக்கொள்வேன். குளிப்பாட்டியது விமலாதான். காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டு அவள் குளிப்பாட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை வைத்திருப்பேன்.

ஒரு நாள் காலை விமலா தறியில் இருந்தாள். பவித்ரா குளிக்கப் போயிருந்தாள். குழந்தை கட்டிலில் வீறிட்டு அழுதது. கொஞ்ச நேரம் தட்டிக் கொடுத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். தூக்கிவிட்டேன். தோளில் சாய்த்தேன். அழுகை நின்றது. அந்தச் சின்னத் தலையின் சூடு கழுத்தில் பட்டதும் என்னையறியாமல் நடக்க ஆரம்பித்தேன். அப்படி இரண்டடி வைத்திருப்பேன். எலும்புக்கு அடியிலிருந்து ஒரு இழுப்பு வந்தது. கையை நான் விடவில்லை, அது தானாக விட்டது. விரல்கள் திறந்துகொண்டன. கட்டில் பக்கத்திலேயே இருந்தது. முட்டியைக் கொடுத்து எப்படியோ கட்டில்மேல் சரித்துவிட்டேன். குழந்தை மெத்தையில் போய் உருண்டு, பயந்து, நீலம் பாரிக்க அழுதது. அடி ஒன்றும் படவில்லை.

நிமிர்ந்தபோது ஈரத் தலையோடு வாசற்படியில் பவித்ரா நின்றிருந்தாள். ஓடி வந்து குழந்தையை எடுத்து உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். "அம்மா, இனிமே நீ எடுக்காதம்மா. அழுதா அழுவட்டும், நான் வந்துடறேன்" என்றாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள். அன்றிலிருந்து குளிக்கப் போனால் சித்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் மாதம் முடியும் முன்பே, "அவருக்கு லீவு கெடச்சிருக்குது, வந்து கூட்டிகினு போறேங்கறாரும்மா" என்றாள். ஐந்தாம் மாதம்தான் அனுப்புவது வழக்கம். கார் கிளம்பும்போது குழந்தையின் காலை மட்டும் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வலி ஒரு இடத்தில் நிற்கவில்லை. வலது தோளுக்குப் போனது. இடுப்புக்கு வந்தது. தொடை, முழங்கை, தாடை என்று எங்கே தொட்டாலும் காயம் போல இருந்தது. தூங்கினாலும் தூங்கின மாதிரி இல்லை. மறுபடியும் வேலூருக்குப் போனோம். அதே இளம் டாக்டர், அதே பொறுமை. நீண்ட நாள் வலியிலேயே இருந்தால் நரம்புகள் வலிக்குப் பழகி, சாதாரணத் தொடுதலையும் வலி என்றே மூளைக்குச் சொல்ல ஆரம்பிக்கும் என்றார். அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். சாயங்காலம் போட ஒரு மாத்திரை எழுதினார். அது வலியைக் கொல்கிற மாத்திரை இல்லை, நரம்பை மந்தமாக்குகிறது. காலையில் தலையும் மந்தமாகவே இருக்கும்.

"எப்ப சரியாவும் டாக்டர்?" என் வீட்டுக்காரர்தான் கேட்டார்.

"பொய் சொல்ல மாட்டேன் ஐயா. போயிடும்னு சொல்ல முடியாது. கூடாம பாத்துக்கலாம். வீட்டுல செய்யறத மட்டும் விட்டுடாதீங்கம்மா."

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் எந்தக் கடையிலும் நிற்கவில்லை.

விட்டுவிடவில்லை. செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முன்பு குழந்தைக்காகச் செய்தேன். இப்போது நாளைக்கும் இதே அளவு வலி இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறேன். நிறுத்தினால் கூடும், செய்தால் குறையாது. அப்படி ஒரு வேலையைத் தினமும் செய்வது எப்படி இருக்கும் என்று இந்த வலி இல்லாதவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தை மாதம் ஒரு சாயங்காலம், முதுகில் கைவைத்துக்கொண்டிருக்கும்போதே விமலா சொன்னாள்.

"அக்கா, தம்பி ஓசூருக்கு வந்துடுங்கன்னு ஒரே பேஜார் பண்றான். அவருக்கும் அங்க வாட்ச்மேன் வேல பேசி வெச்சிருக்கான்."

குப்புறக் கிடந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. "போ. புள்ளையோட இருக்கறதுதான் நல்லது" என்றேன். அவள் அழுத்தியதில் பலம் குறைவாக இருந்தது. கொஞ்ச நாளாகவே கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வருகிறாள். கேட்டால் பாவு அறுத்துவிட்டது என்பாள். பாவு அறுத்த காயம் எது, வலிக்குச் சுற்றிய துணி எது என்று எனக்குத் தெரியாதா?

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "மாமா, இங்க வந்து பாருங்க. எலும்பு ஓரமாவே கீழ வரணும். நாலு வெரக்கட கீழ வந்தா ஒரு கயிறு மாதிரி தட்டும். அதத்தான் புடிக்கணும். ஜல்தியா அழுத்தக் கூடாது." அவர் கதவோரமே நின்றார். தம்பி மனைவி முன்னால், முதுகு தெரியக் கிடக்கிற என்னைப் பார்க்க அவருக்குக் கூச்சம். நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா, புரிஞ்சிது" என்றார். விமலா இன்னொரு முறை சொன்னாள். அதற்கும் சரிம்மா என்றார்.

அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை விமலா போன் செய்து, பண்றியாக்கா என்று கேட்கிறாள். மாமா பண்ணி வுடறாரு என்கிறேன்.

அவர் செய்யாமல் இல்லை. தினமும் லோடு இறக்கிவிட்டு வந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். முப்பது வருஷத்தில் என் முதுகை இவ்வளவு பொறுமையாக அவர் தொட்டதில்லை. மூட்டை தூக்கிக் காய்த்த கை. தோள்பட்டைக்கு மேலாக, கழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலை ஊன்றி அழுத்துகிறார். ஒழுங்காக மூச்சுவிடு என்று எனக்கு ஞாபகப்படுத்துகிறார். விமலா சொன்னதில் அது ஒன்றுதான் அவர் மனதில் நின்றிருக்கிறது.

நேற்றும் அப்படித்தான். வெகுநேரம் அழுத்திவிட்டு, "இதானே அந்த எடம்?" என்று கேட்டார்.

அந்த இடம் நாலு விரல் கீழே இருந்தது.

"ஆங், அதேதான்" என்றேன்.

"கொஞ்சம் வுடுதா?"

"வுடுது."

அவர் இன்னும் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு, மறுபடியும் அங்கேயே அழுத்த ஆரம்பித்தார்.